அட்டையில் காலியாக இருந்த வரிசை

என் மகளை எல்கேஜி சேர்க்கப் போனபோது பள்ளியில் தடுப்பூசி அட்டையின் நகல் கேட்டார்கள். பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில், ரேஷன் கார்டோடு ஒரே பிளாஸ்டிக் கவரில் கிடந்தது. ஜெராக்ஸ் கடையில் காத்திருந்தபோதுதான் அதை நிதானமாகப் பார்த்தேன். பிறந்த அன்று, 6-வது வாரம், 10-வது வாரம், 14-வது வாரம், 9-வது மாதம், எல்லாக் கட்டத்திலும் செவிலியர் கையால் எழுதிய தேதி இருந்தது. அதற்கு அடுத்து ‘16 முதல் 24 மாதம்’ என்று அச்சிட்டிருந்த வரிசை முழுக்கக் காலி. அவளுக்கு அப்போது மூன்று வயது நடந்துகொண்டிருந்தது.

எங்கள் வீட்டில் யாரும் ஊசி வேண்டாம் என்று சொல்கிறவர்கள் கிடையாது. அந்த நேரத்தில் ஊர் மாறினோம், அவ்வளவுதான். திருநெல்வேலிப் பக்கம் இருந்தவரை கிராம சுகாதார செவிலியர் வாசலில் நின்று, “புதன்கிழமை பிள்ளையத் தூக்கிட்டு வந்துரும்மா” என்று சொல்லிவிட்டுப் போவார். கோவையில் வாடகை வீட்டுக்கு வந்த பிறகு அப்படிச் சொல்ல ஆள் இல்லை. ஒன்பதாம் மாத ஊசியோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். பிறகு பக்கத்து வீட்டிலும் தங்கை வீட்டிலும் அட்டையை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். இரண்டு வீட்டிலும் ஏதோ ஒரு கட்டம் விட்டுப்போயிருந்தது. குழந்தை கைக்குள் இருக்கும்வரை தேதி தவறுவதில்லை. அது நடக்க ஆரம்பித்ததும் நமக்கு ஊசி ஞாபகமே போய்விடுகிறது.

அதற்குப் பிறகு செவிலியர்களிடமும் குழந்தை மருத்துவரிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். எதற்கு இத்தனை ஊசி, ஏன் இத்தனை முறை, ஏன் இந்த வயதில் என்று புரிந்துவிட்டால் தேதி மறக்காது.

ஊசி உள்ளே போய் என்ன செய்கிறது

ஒரு கிருமி முதன்முறையாக உடம்புக்குள் வந்தால், அதை அடையாளம் கண்டு எதிர்ப்புப் பொருள் தயாரிக்க உடம்புக்கு ஒன்றிரண்டு வாரம் ஆகும். சாதாரண நோய்கள் பலவற்றை உடம்பு அதுவரை தாங்கிவிடும். ஆனால் தொண்டை அடைப்பானும் (டிப்தீரியா) கக்குவான் இருமலும் ரணஜன்னியும் (டெட்டனஸ்) கைக்குழந்தையிடம் அவ்வளவு நாள் காத்திருக்காது. ஒருமுறை பார்த்த கிருமியை உடம்பு ஞாபகம் வைத்திருக்கும். இரண்டாம் முறை வந்தால் சில நாட்களிலேயே, பல சமயம் நமக்குத் தெரியாமலேயே, விரட்டிவிடும். தடுப்பூசி அந்த முதல் பார்வையை ஆபத்தில்லாமல் நடத்தி வைக்கிறது.

அதற்கு இரண்டு மூன்று வழிகள் உண்டு. தட்டம்மை-ரூபெல்லா ஊசி, காசநோய்க்கான பிசிஜி, போலியோ சொட்டு மருந்து, குழந்தைகளின் கடும் பேதியைத் தடுக்கும் ரோட்டா சொட்டு மருந்து ஆகியவற்றில் இருப்பது உயிருள்ள கிருமி. ஆனால் நோய் உண்டாக்கும் வலு எடுக்கப்பட்டது. ரணஜன்னி, தொண்டை அடைப்பான் ஊசிகளில் கிருமியே இல்லை. அந்தக் கிருமி கக்கும் விஷத்தை முறித்து, பார்வைக்கு விஷம் மாதிரியும் செயலில் ஒன்றுமில்லாததாகவும் மாற்றி வைத்திருக்கிறார்கள். மஞ்சள் காமாலை பி ஊசியில் வைரஸின் மேல்தோலில் உள்ள ஒரு புரதம் மட்டும் இருக்கிறது.

ஏன் இத்தனை முறை

இதைத்தான் நான் முதலில் கேட்டேன். ஒரே ஊசியாகப் போட்டு முடித்துவிடக் கூடாதா? மருத்துவர் சொன்ன பதிலில் மூன்று தனித்தனிக் காரணங்கள் இருந்தன. நாம் எல்லாவற்றையும் ‘பூஸ்டர்’ என்ற ஒரே சொல்லில் கட்டிவிடுகிறோம்.

முதல் காரணம், உயிரில்லாத மருந்துகளை உடம்பு ஒரு தடவையில் சரியாகப் பதிந்துகொள்வதில்லை. 6, 10, 14 வாரங்களில் தொடையில் போடும் பெண்டாவேலன்ட் அப்படிப்பட்டது. தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி, மஞ்சள் காமாலை பி, நிமோனியாவும் மூளை உறைக் காய்ச்சலும் உண்டாக்கும் ஹிப் கிருமி என்று ஐந்துக்கும் சேர்த்து ஒரே ஊசி. 2011 டிசம்பரில் இந்தியாவில் முதன்முதலாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் இதைத் தொடங்கினார்கள். முதல் தவணை அறிமுகம், இரண்டாவதும் மூன்றாவதும் பதிய வைப்பதற்கு. நடுவில் குறைந்தது நான்கு வார இடைவெளி வேண்டும். சீக்கிரம் முடித்துவிடலாம் என்று இரண்டு வாரத்தில் போட்டால் பலன் குறையும்.

இரண்டாவது காரணம், பதிந்த ஞாபகமும் மங்கும். தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி மூன்றிலும் இதுதான் பிரச்சினை. அதனால் ஒன்றரை வயதில் ஒரு முத்தடுப்பு பூஸ்டர், 5 முதல் 6 வயதுக்குள் இன்னொன்று. பிறகு 10 வயதில், 16 வயதில் டிடி (Td) ஊசி. இதில் ரணஜன்னி மருந்தும் குறைந்த அளவில் தொண்டை அடைப்பான் மருந்தும் இருக்கும். முன்பு இதே வயதுகளில் ரணஜன்னி மருந்து மட்டும் உள்ள டிடி (TT) போட்டார்கள். தொண்டை அடைப்பான் வளர்ந்த பிள்ளைகளிடம் தலைகாட்டத் தொடங்கியதால்தான் மாற்றினார்கள். 2016-இல் பக்கத்து மாநிலத்தில், மலப்புரம் மாவட்டத்தில் அது பரவியபோது பதின்வயதுப் பையன்கள் இறந்துபோனார்கள். நோய் போய்விட்டது என்று நாம் நினைத்திருந்த காலம் அது.

மூன்றாவது காரணம் தட்டம்மை ஊசிக்கு உரியது, இது கொஞ்சம் வித்தியாசமானது. ஒன்பதாம் மாதத்தில் முதல் தவணை போட்ட 100 குழந்தைகளில் சுமார் 85 பேருக்குத்தான் பாதுகாப்பு கிடைக்கும். மருந்தில் குறையில்லை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் சில குழந்தைகளின் ரத்தத்தில் அந்த வயதிலும் மிச்சம் இருக்கும். அது ஊசியில் உள்ள வைரஸையும் பிடித்து அழித்துவிடும், குழந்தையின் உடம்பு அதைப் பார்க்கவே பார்க்காது. ஒன்றரை வயதில் தாயின் பங்கு முழுதாகக் கரைந்திருக்கும். அப்போது போடும் இரண்டாம் தவணை, முதலில் தப்பிய அந்தப் பதினைந்து பேரைப் பிடிக்கத்தான். உங்கள் குழந்தை அந்த எண்பத்தைந்தில் ஒன்றா, பதினைந்தில் ஒன்றா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் எல்லாருக்கும் போடுகிறார்கள். என் மகளின் அட்டையில் காலியாக இருந்தது இந்தத் தவணைதான் என்று புரிந்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒன்றரை வருடம் அவளைப் பாதுகாப்பே இல்லாமல்கூட வைத்திருந்திருக்கலாம்.

அம்மை என்ற ஒரே சொல்

நம் ஊரில் ஒரு குழப்பம் உண்டு. தட்டம்மை (மணல்வாரி), சின்னம்மை எதுவானாலும் ‘அம்மை போட்டிருக்கு’ என்றுதான் சொல்வோம். என் அத்தையும் கேட்டார்: “அதான் அம்மை ஊசி போட்டாச்சே, பெறகு எப்படிப் பெரியவனுக்கு அம்மை வந்துச்சு?” பெரியவனுக்கு வந்தது சின்னம்மை, நீர்க்கொப்புளம் எழும்புவது. அரசு ஊசி தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் மட்டும். சின்னம்மைக்கு வேறு ஊசி இருக்கிறது, அது அரசு அட்டவணையில் இல்லை, தனியார் மருத்துவமனையில் காசு கொடுத்துப் போட வேண்டும். பொன்னுக்கு வீங்கியும் அப்படியே. அத்தையிடம் இதைச் சொன்ன பிறகுதான் ஊசி வேலை செய்யவில்லை என்ற அவருடைய சந்தேகம் தீர்ந்தது. ஊசி மேல் நம்பிக்கை குறைவதற்கு வாட்ஸ்அப் வதந்தியைவிட இந்தப் பெயர்க் குழப்பம் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

தட்டம்மையைச் சாதாரணமாக நினைக்கவும் கூடாது. காற்றில் பரவும் நோய்களில் இதற்கு மிஞ்சியது இல்லை என்றே சொல்லலாம். பாதுகாப்பில்லாத கூட்டத்தில் ஒரு நோயாளியிடமிருந்து 12 முதல் 18 பேருக்குத் தொற்றும். நோயாளி அறையைவிட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அந்தக் காற்றில் கிருமி இருக்கும். நுரையீரல் சளி, காது சீழ், சிலருக்கு மூளை வீக்கம் என்று பின்னாலேயே வரும். குணமான பிறகும் ஒரு கெடுதல் செய்கிறது: உடம்பு முன்பு சேர்த்து வைத்திருந்த நோய் ஞாபகங்களை அழித்துவிடுகிறது. தட்டம்மை வந்து போன குழந்தை அடுத்த சில மாதங்களுக்கு அடிக்கடி சளி, பேதி என்று படுப்பதற்கு அதுதான் காரணம். வேப்பிலை கட்டுவது, பிள்ளையைத் தனியாகப் படுக்க வைப்பது, வெளியாட்களை உள்ளே விடாதது என்று நம் பெரியவர்கள் கடைப்பிடித்த முறை நோயைப் பரவவிடாமல் செய்ய நல்ல முறைதான். ஊசி போட்டால் அந்தப் படுக்கைக்கே தேவை வராது.

ரூபெல்லா குழந்தைக்கு லேசான காய்ச்சலோடு போய்விடும். கர்ப்பிணிக்கு முதல் மூன்று மாதத்தில் தொற்றினால் வயிற்றிலுள்ள பிள்ளை கண்புரை, இதயக் கோளாறு, காது கேளாமை என்று பிறக்கலாம். ஆண் குழந்தைக்கும் எதற்கு ரூபெல்லா ஊசி என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். அவன் வீட்டுக்குக் கொண்டுவரும் கிருமி அவனுடைய சித்தியையோ டீச்சரையோ தொற்றக்கூடும்.

நூற்றுக்கு 95 பேருக்காவது பாதுகாப்பு இருந்தால்தான் தட்டம்மை ஒரு ஊரில் நிலைக்க முடியாமல் போகும். ஒன்பது மாதம் நிறையாத குழந்தை, புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் குழந்தை, இவர்களுக்கு ஊசி போட முடியாது. சுற்றியிருக்கும் நாம்தான் அவர்களுக்கு வேலி. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்த ஊசியைப் பள்ளிகளில் போட்டபோது, வாட்ஸ்அப்பில் வந்த செய்திகளைப் பார்த்துப் பயந்து அன்றைக்கு மட்டும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோர் இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேள்வி கேட்க அவர்களுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது, கையில் ஃபோன்தான் இருந்தது. ஊசியால் ஆட்டிசம் வரும் என்ற பேச்சு இன்றும் சுற்றுகிறது. 1998-இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 12 குழந்தைகளை வைத்து எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து கிளம்பியது அது. 2010-இல் அந்தக் கட்டுரையைப் பத்திரிகையே திரும்பப் பெற்றது, அவருடைய மருத்துவப் பதிவும் ரத்தானது. அதன் பிறகு லட்சக்கணக்கான குழந்தைகளை வைத்துப் பல நாடுகளில் பார்த்துவிட்டார்கள், அப்படி ஒரு தொடர்பு கிடையாது.

போலியோவுக்கு ஏன் சொட்டும் ஊசியும்

சொட்டு மருந்து குடலில் காவல் வைக்கிறது. ஊசி ரத்தத்தில் காவல் வைத்து, கிருமி நரம்புக்குப் போய்க் கால் விளங்காமல் போவதைத் தடுக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் முழுப் பலன். 2016 ஏப்ரலில் உலகம் முழுவதும் சொட்டு மருந்திலிருந்து இரண்டாம் வகை வைரஸை எடுத்துவிட்டார்கள். அந்த வகைக்கு ஊசிதான் காப்பு. வலது மேல்கையில் தோலுக்குள் சின்னக் கொப்புளம் போல எழும்புகிற அந்தக் குட்டி ஊசி 6, 14 வாரங்களில் உண்டு. 2023 முதல் ஒன்பதாம் மாதத்திலும் இடது கையில் ஒன்று சேர்ந்திருக்கிறது. உங்கள் மூத்த பிள்ளையின் அட்டையும் இளையதின் அட்டையும் ஒரே மாதிரி இல்லாததற்கு இதெல்லாம் காரணம். நிமோனியாவைத் தடுக்கும் நியூமோகாக்கல் ஊசியும் ரோட்டா சொட்டு மருந்தும் அப்படிப் பிற்பாடு வந்து சேர்ந்தவைதான். இந்தியாவில் கடைசியாகப் போலியோ தாக்கிய குழந்தை 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில். 2014 மார்ச்சில் போலியோ இல்லாத பகுதி என்ற சான்றிதழ் வந்தது. ஆனாலும் நம் பக்கத்து நாடுகளில் அது இன்னும் ஒழியவில்லை.

பிறந்த அன்று போடும் மூன்றையும் ஆஸ்பத்திரியிலேயே முடித்துவிடுவார்கள். அதில் மஞ்சள் காமாலை பி ஊசி 24 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது ஆயுள் முழுவதும் ஒட்டிக்கொள்ளும். மூளைக்காய்ச்சல் ஊசி விழுப்புரம், கடலூர் போன்ற சில மாவட்டங்களில் மட்டும் உண்டு. உங்கள் மாவட்டத்தில் உண்டா என்று செவிலியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் புதன்கிழமை

ஜெராக்ஸ் கடையிலிருந்து வந்த அடுத்த புதன்கிழமை, வீட்டுக்கு அருகிலிருந்த நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். வேறு ஊர் அட்டை, விலாசம் மாறிவிட்டது, திட்டுவார்களோ என்று பயம். செவிலியர் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “விட்டுப்போனதை இன்னைக்கே போட்டுடலாம்மா, எந்த ஊர் அட்டையா இருந்தா என்ன” என்றார். ஆதார் கேட்கவில்லை, காசும் இல்லை.

அவர் சொன்ன முக்கியமான விஷயம் இது: தேதி தாண்டிவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. எங்கே விட்டோமோ அங்கிருந்து தொடரலாம். ஏற்கனவே போட்டது வீண்போகாது. ஆனால் காலக்கெடு உண்டு. ரோட்டாவின் முதல் தவணையை ஒரு வயதுக்குள் தொடங்க வேண்டும், பிசிஜியும் ஒரு வயது வரைதான். தட்டம்மை-ரூபெல்லா ஊசியை அரசு நிலையங்களில் ஐந்து வயது வரை போடுவார்கள், முத்தடுப்பு ஏழு வயது வரை. அதனால் ‘எப்படியும் லேட் ஆயிடுச்சு’ என்று விட்டுவிடாமல் இந்த வாரமே போவது நல்லது. லேசான சளி, இருமல், பேதிக்காகத் தள்ளிப்போடவும் தேவையில்லை. குறை மாதத்தில் பிறந்த குழந்தைக்கும் பிறந்த தேதியிலிருந்தே கணக்கு.

என் முன்னால் ஒரு காட்சி நடந்தது, அதைச் சொல்ல வேண்டும். ஐஸ் பெட்டியிலிருந்து தட்டம்மை ஊசிக் குப்பியை எடுத்தார். உள்ளே தூள். அதோடு வந்த திரவத்தைக் கலந்து, குப்பியின் மேல் பேனாவால் ‘10.20’ என்று நேரம் எழுதினார். எதற்கு என்று கேட்டேன். கலந்த பிறகு நான்கு மணி நேரம்தான், அதற்கு மேல் இருப்பதைக் கொட்டிவிட வேண்டும் என்றார். ஒரு குப்பியில் பல குழந்தைகளுக்கான மருந்து இருக்கிறது. ஒரு குழந்தைக்காகத் திறந்தால் மற்றது வீணாகும். அதனால்தான் எல்லாரையும் ஒரே நாளில், காலையில் வரச் சொல்கிறார்கள். போலியோ குப்பியின் லேபிளில் ஒரு வட்டத்துக்குள் சின்னச் சதுரம் இருந்ததையும் காட்டினார். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் மருந்து நல்லது. வெயில் பட்டுச் சூடானால் சதுரம் கறுத்துக்கொண்டே போகும், வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் போடக் கூடாது. தொழிற்சாலையிலிருந்து இந்த மேசை வரை குளிர் குறையாமலேயே கொண்டுவந்திருக்கிறார்கள். சிரிஞ்சும் ஒருமுறை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும், மறுபடி இழுக்கவே வராது. இலவசம் என்றால் தரம் குறைவாக இருக்கும் என்று நினைத்திருந்த எனக்கு அந்தப் பத்து நிமிடம் போதுமாக இருந்தது.

இரண்டு ஊசி, ஒரு சொட்டு மருந்து, ஒரே நாளில். ஒன்றாகப் போட்டால் உடம்பு தாங்குமா என்று எனக்கும் தோன்றியது. குழந்தை தரையில் விளையாடிவிட்டு விரலை வாயில் வைக்கும்போது உள்ளே போகிற கிருமிகளின் எண்ணிக்கையோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை என்றார் மருத்துவர். அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைத்தார்கள். கடுமையான ஒவ்வாமை மிக அபூர்வம், வந்தால் அந்த நேரத்துக்குள்தான் பெரும்பாலும் வரும், கையில் மருந்து இருக்கும்.

அன்று இரவு அவளுக்குக் காய்ச்சல் வந்தது. முத்தடுப்பு ஊசிக்கு அது வழக்கம், ஓரிரு நாளில் போய்விடும். எடைக்குத் தகுந்த அளவு பாராசிட்டமால், ஊசி போட்ட இடத்தில் ஈரத்துணி, அவ்வளவு போதும். தேய்க்கக் கூடாது, எண்ணெய், மஞ்சள், சாம்பல் எதுவும் தடவக் கூடாது. தட்டம்மை ஊசிக்குக் காய்ச்சலோ லேசான தடிப்போ ஒரு வாரம் பத்து நாள் கழித்து வரலாம், ஊசியை நாம் மறந்துபோன நேரத்தில். பிசிஜி போட்ட இடத்தில் சில வாரம் கழித்துச் சின்னக் கட்டி வந்து, உடைந்து, தழும்பாகும். அதுவும் அப்படித்தான் ஆற வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாமல் வீறிட்டு அழுதாலோ, வலிப்பு வந்தாலோ, துவண்டுபோனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய்விட வேண்டும். அடுத்த முறை போகும்போது அதைச் செவிலியரிடம் கட்டாயம் சொல்லவும் வேண்டும்.

அட்டை தொலைந்துவிட்டால், முன்பு போட்ட நிலையத்தின் பதிவேட்டில் இருக்கும், கேட்டு வாங்கலாம். இப்போது அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான யூ-வின்னிலும் பதிவு செய்கிறார்கள். தனியாரில் ஒன்றும் அரசில் ஒன்றுமாகப் போடுகிறவர்கள் இரண்டையும் ஒரே அட்டையில் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன் செவிலியரிடம் நான்கு விஷயம் கேட்டுக்கொள்கிறேன்: இன்று போட்டது என்ன, என்ன பக்கவிளைவு வரலாம், வந்தால் என்ன செய்ய வேண்டும், அடுத்தது எப்போது. அந்த அடுத்த தேதியை அட்டையைப் படமெடுத்துக் கணவர் ஃபோனுக்கும் அனுப்பிவிடுகிறேன்.

பெரியவர்களுக்கும் கணக்கு முடிவதில்லை. கர்ப்பிணிக்கு டிடி (Td) இரண்டு தவணை, முந்தைய கர்ப்பத்தில் இரண்டும் போட்டு மூன்று வருடத்துக்குள் என்றால் ஒன்று போதும். தாய்க்கும் பிறக்கும் பிள்ளைக்கும் ரணஜன்னி வராமல் காக்கும் இந்த ஊசியின் பங்கும் சேர்ந்துதான் 2015-இல் இந்தியாவில் அந்த மரணங்கள் ஒழிக்கப்பட்ட நிலையை எட்டின. சர்க்கரை, ஆஸ்துமா உள்ள தாத்தா பாட்டிக்கு ஃப்ளூ ஊசியும் நிமோனியா ஊசியும் பற்றி அவர்களுடைய மருத்துவரிடம் கேளுங்கள். 9 முதல் 14 வயதுப் பெண் பிள்ளை வீட்டில் இருந்தால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி ஊசியைப் பற்றியும் கேளுங்கள். அந்த வைரஸ் தொற்ற வாய்ப்பு வருவதற்கு முன்பே போட்டால்தான் அதற்கு முழுப் பலன்.

என் மகளுக்கு ஐந்து வயது ஊசியும் போட்டாயிற்று. அட்டையில் இன்னும் இரண்டு கட்டம் காலி, 10 வயது, 16 வயது. பத்தாவது பிறந்தநாள் எந்தக் கிழமை வருகிறது என்று பார்த்துவிட்டேன், அதற்கு அடுத்து வரும் புதன்கிழமையை அட்டையின் ஓரத்திலேயே பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.